பிலோமினாளின் உடம்பில் தெரிந்த கைகள்

பிலோமினாள் படுக்கையில் விழுந்த ஒன்பதாவது மாதம், மாதா கோயில் திருவிழாக் கொடி இறக்கிய மறுவாரத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், உடம்பு துடைக்கப் போர்வையை விலக்கியபோது, படுத்த நாள் முதல் அவளைத் தொட்ட கைகளெல்லாம் அவள் தோலில் தெரிந்தன. நாவல்பழம் தின்ற கையைத் துடைத்த வேட்டியைப் போல, மெல்லத் தொட்ட இடம் வெளிறிய ஊதாவாகவும் அழுத்திப் பிடித்த இடம் கறுத்த ஊதாவாகவும், விரல் விரலாக, ரேகை ரேகையாக, மோதிரம் போட்ட கையென்றால் மோதிரத்தின் வட்டத்தோடு தெரிந்தன. ஜெசிந்தா பார்த்தாள், ஈரத்துணியில் சோப்பைக் குழைத்துத் தேய்த்தாள், போகவில்லை. தேய்த்ததில் அவளுடைய நான்கு விரல்கள் புதிதாக வந்ததுதான் மிச்சம்.

ஜெசிந்தா பிலோமினாளின் தம்பி அருள்தாஸின் மனைவி, அவளை மைனி என்று கூப்பிடுகிறவள். தூத்துக்குடியில் ரயில் பாதையை ஒட்டிய ஆறாங்கேட் காலனியில், கடலும் உப்பளமும் மாறி மாறி மணக்கிற வீட்டில், அந்த மூன்று பேர்தான். பிலோமினாள் முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் அவள் முகத்தை அறியாதவர்களும் அவள் குரலை அறிவார்கள். பத்தொன்பது வயதில் தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனபோது ஒன்பது வயதுத் தம்பியைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, காய்ச்சலில் நெஞ்சைத் தடவிக்கொடுத்து வளர்த்தவள். அந்த வேலையில் கல்யாண வயது கடந்துபோனதைப் பற்றி யாரிடமும் பேசாதவள். அறுபத்தாறு வயதில், மீன் வாங்கக் கூடையை எடுத்துக்கொண்டு வாசல்படி இறங்கியவள் இரண்டாவது படியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள், அதோடு வலதுபக்கம் முழுவதும் போயிற்று, குரலும் போயிற்று. இடது கையும் இரண்டு கண்ணும் மட்டும் அவள் சொன்னபடி கேட்டன.

அருள்தாஸ் கப்பல் கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தான். அக்காவுக்கு என்று தலைமாட்டை உயர்த்துகிற கட்டில் வந்தது, காற்று மெத்தை வந்தது, சக்கர நாற்காலி வந்தது, ஏஜென்சியிலிருந்து பார்த்துக்கொள்ளப் பெண் வந்தாள், ஒருத்தி போனால் இன்னொருத்தி வந்தாள். எதிலும் அவன் குறை வைக்கவில்லை. ஆனால் தினமும் ஆபீஸிலிருந்து வந்ததும் அறைவாசலில், நிலைக்கு இந்தப் பக்கமே நின்று, "அக்கா சாப்பிட்டாளா?" என்று கேட்பான், சாப்பிட்டாள் என்று யாராவது சொன்னதும் போய்விடுவான். கோணிப்போன அந்த வாயைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது. பயம் என்று அவன் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அசதி என்று வைத்திருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெசிந்தா பிலோமினாளின் உடம்பைத் தலை முதல் கால்வரை படித்தாள். தாடையின் இரண்டு பக்கமும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. இடது மணிக்கட்டைச் சுற்றி, விரலே இல்லாமல், துணியால் கட்டிய தடம் வளையல்போல ஓடியது. ஏஜென்சியிலிருந்து வந்த மூன்றாவது பெண் அப்போது அடுக்களையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யார் விரலு?" என்றாள் ஜெசிந்தா.

"வாயத் திறக்க மாட்டேங்காங்க மேடம். நீங்கதான கஞ்சி மிச்சம் வைக்கக் கூடாதுன்னீங்க."

"கையக் கட்டுனியா?"

"மூத்திர டியூபப் புடுங்குறாங்க. நான் பாத்ரூம் போற நேரத்துக்கு மட்டுந்தான் கட்டுனேன்."

அந்தத் தடம் பாத்ரூம் போகிற நேரத்துத் தடமல்ல என்பது பார்த்த உடனே தெரிந்தது. மத்தியானத்துக்குள் அந்தப் பெண் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் ஜெசிந்தா அன்று பார்த்ததில் ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. பிலோமினாளின் வலது தோளில் ஒரு முழுக் கை, ஐந்து விரலும் விரித்து அறைந்த கை, மோதிர விரலில் கல்யாண மோதிரத்தின் சிலுவையோடு பதிந்திருந்தது. அது ஜெசிந்தாவின் கை. ஐந்தாவது மாதம், பதினொரு நாள் ஆள் கிடைக்காமல் ஒத்தையில் பார்த்தபோது, தனக்கே காய்ச்சல் கொதிக்க, ஒரே மத்தியானத்தில் மூன்று தடவை விரிப்பு மாற்றி முடித்து ஊட்டிய கஞ்சியை பிலோமினாள் இடது கையால் தட்டிவிட்டபோது அடித்த அடி. அடித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதவள், அது தன்னோடு முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தாள். இப்போது அலமாரியைத் துழாவி, முழங்கைவரை நீண்ட ரவிக்கை ஒன்றை எடுத்து மைனிக்குப் போட்டுவிட்டாள். பிலோமினாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாங்கேட் காலனியில் அப்போது படுக்கையில் கிடந்தவர்கள் பதினேழு பேர். அதற்கு முன்பு அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளறைக் கதவு ஒன்று சாத்தியிருக்கும், அவ்வளவுதான். மூன்று வாரத்துக்குள் பதினேழு பேர் உடம்பிலும் கைகள் தெரிந்தன, கதவுகள் திறந்தன. ரிட்டயர்டான தலைமையாசிரியர் ஒருவரின் இடுப்பில் கையே இல்லை, கால்கட்டைவிரல்தான் இருந்தது. புரட்டிப் போட வந்த ஆள் காலால் தள்ளியிருக்கிறான். சின்ன வயசிலேயே விபத்தில் முதுகெலும்பு முறிந்த ஒருத்தியின் தொடையில், இருக்கக் கூடாத இடத்தில் இருந்த கையை யார் கை என்று அந்த வீட்டுக்காரர்கள் வெளியே சொல்லவில்லை, அந்த வீட்டு மாப்பிள்ளை மட்டும் மறுநாள் திருப்பூருக்குப் போனார், திரும்பவில்லை. ஒரு வீட்டில் தகப்பனின் நெற்றி முழுக்க மகளின் உதடுகள் தெரிந்தன, காலனியே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒருவர் வந்து தன் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, அதுவும் ஊதாவாக வருவதைக் கண்டு, களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கையைப் பற்றிப் பேசினார். அதற்குப் பிறகு அது மழைக்காலத்தில் சுவர் ஓதமேறுகிற மாதிரி ஒரு சங்கதியாகிவிட்டது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை, என்ன செய்யலாம் என்றுதான் கேட்டார்கள்.

குடியிருப்போர் சங்கம் கூடி, வாராவாரம் ஞாயிறு மாலை வீடுவீடாகப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தது. செயலாளர் பொன்னுலிங்கம் சுங்க இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெட்டிச் சீல்களைப் பார்த்துப் பழகிய பூதக்கண்ணாடி ஒன்று அவரிடம் இருந்தது. அவர் கைகளைப் படிப்பதில் மூன்றே வாரத்தில் தேர்ந்துவிட்டார். இது பிடித்த கை, இது தள்ளிய கை, இது கிள்ளியது, இது அவசரத்தில் பட்டது என்று சொல்வார், சொன்னது பெரும்பாலும் சரியாக இருந்தது. அந்த மாதம் ஐந்து வேலைக்காரர்கள் நிறுத்தப்பட்டார்கள், ஒரு மகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டான், கட்டிலோடு கட்டியிருந்த ஒருவரை அவிழ்த்துவிட்டார்கள். நல்லது நடந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். கொஞ்ச நாள் அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு ஜனங்கள் பயப்பட ஆரம்பித்தார்கள். கறுத்த கை எது, வெளுத்த கை எது என்று பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். ஆனால் மற்றவர்களுக்கு எல்லாம் ஊதாவாகத்தான் தெரிந்தது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு பூரா கையா இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஏஜென்சிக்காரர்கள் கையுறை கொடுத்தார்கள், உறை போட்ட கை ரேகையில்லாத மொண்ணைக் கையாக விழுந்தது, அது இன்னும் விகாரமாக இருந்தது. அப்புறம் விரிப்பைப் பிடித்து இழுத்தே ஆளைப் புரட்டினார்கள், தோட்டத்துக் குழாயை உள்ளே இழுத்து எட்ட நின்று தண்ணீர் அடித்துக் குளிப்பாட்டினார்கள், நீளக் கரண்டியால் ஊட்டினார்கள். தொட வேண்டிய நேரத்தில் யார் தொடுவது என்று வீட்டுக்குள் சண்டை வந்தது. கை விழாத உடம்பு சுத்தமான உடம்பு என்றும், அது அந்த வீட்டின் மானம் என்றும் ஒரு பேச்சு, யாரும் சொல்லாமலே, காலனிக்குள் நிலைத்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முத்துப்பேச்சி வந்தாள். விளாத்திகுளம் பக்கத்துக்காரி, நாற்பத்து நான்கு வயது, ஏஜென்சி அனுப்பிய ஆறாவது ஆள். அவளுடைய இடது மோதிர விரலில் மேல்கணு இல்லை, தீப்பெட்டி ஆபீஸ் இயந்திரத்தில் போனது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜெசிந்தா அவளிடம் கைகளின் சங்கதியைச் சொன்னாள்.

"கேள்விப்பட்டேங்க்கா," என்றாள் முத்துப்பேச்சி. "விழுந்தா விழட்டும். தொடாம எப்பிடிப் பாக்கது?"

முதல் நாள் ரவிக்கையை மாற்றும்போது அவள் வலது தோளைப் பார்த்தாள், பிறகு ஜெசிந்தாவின் மோதிரத்தைப் பார்த்தாள். ஜெசிந்தா அந்தக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். முத்துப்பேச்சி புது ரவிக்கையின் கையை நிதானமாக இழுத்துவிட்டு, ஊக்கை மாட்டிவிட்டு, "எத்தன நாளுக்கா ஒத்தையில பாத்திய?" என்று மட்டும் கேட்டாள்.

"பதினோரு நாளு."

"ம்," என்றாள் முத்துப்பேச்சி. அழுக்கு ரவிக்கையை வாளியில் போட்டாள்.

அவள் வேலை செய்கிற விதம் ஒன்று இருந்தது. தொடுவதற்கு முன்னால் சொல்லுவாள். "அம்மா, இப்பம் கால் பக்கம் வாரேன். இப்பம் இடுப்பத் தூக்குதேன், கொஞ்சம் வலிக்கும். இப்பம் முதுகுக்குத் தண்ணி, வெதுவெதுன்னுதான் இருக்கு." இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டி, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வைப்பாள், குதிகால் மெத்தையில் படாமல் துணிச்சுருள் கொடுப்பாள், விரலில் துணி சுற்றி வாய்க்குள் துடைப்பாள், ஊட்டும்போது தலைமாட்டை உயர்த்தி, தாடையை நெஞ்சோடு ஒட்டவைத்து, ஒரு வாய் இறங்கிய பிறகுதான் மறு வாய் கொடுப்பாள், அதற்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும் என்பாள். பிலோமினாள் இடது விரலால் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினால் சரி, இரண்டு தட்டினால் வேண்டாம் என்று அவர்கள் இருவரும் வைத்துக்கொண்டார்கள். பத்து மாதம் ஒருவரும் கேட்காததால் வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் கிடந்தவள், முதல் வாரம் முழுக்க, கஞ்சிக்கும் தண்ணீருக்கும் பவுடருக்கும் ஜன்னலுக்கும், இரண்டிரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தாள். முத்துப்பேச்சி சிரித்தாள். ஒரு மாதத்தில் பிலோமினாளின் உடம்பு உள்ளங்காலிலிருந்து கழுத்துவரை நாலரை விரல் கைகளால் நிறைந்தது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து விழுந்து, தனிக்கை தெரியாமல், மாலையில் கடலுக்குமேல் தெரிகிற நிறத்துக்கு வந்தது. ஞாயிறு பார்க்க வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். பொன்னுலிங்கம் கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் லேசான கை," என்றார். ஆனால் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

ஐப்பசியில் பொன்னுலிங்கத்தின் மனைவி இறந்துபோனாள். நாலு வருஷமாகப் படுத்திருந்தவள். கைகள் தெரிய ஆரம்பித்தபோது அவள்மேல் இருந்ததெல்லாம், சேலைக்குள் மறைகிற இடத்தில், கையுறைகளின் பழைய மொண்ணைத் தடங்கள் சிலதான், அதற்கப்புறம் ஒன்றுகூடக் கூடவில்லை. முகமும் கையும் காலும் வெளுத்து, பால்போல, ஒரு புள்ளி இல்லாமல் நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலனி வரிசையாக வந்து பார்த்தது. எவ்வளவு சுத்தம், எவ்வளவு நன்றாக வைத்துக்கொண்டார் என்று பெண்கள் சொன்னார்கள். சேலைக்கு அடியில் முதுகில் என்ன இருந்தது என்பதை ஊதுபத்தி நாலு கட்டுக் கொளுத்தியும் மறைக்க முடியவில்லை, ஆனாலும் எல்லாரும் சுத்தம் என்றே சொன்னார்கள்.

முத்துப்பேச்சியும் போயிருந்தாள். கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவளிடம், "பாவம், தொட ஆளில்லாமப் போயிருக்காவ," என்றாள். மெல்லத்தான் சொன்னாள். அது சாயங்காலத்துக்குள் பொன்னுலிங்கத்தின் காதுக்குப் போய்விட்டது.

அதற்கு மூன்றாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, குளியலறையில் முக்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது முக்காலியின் ரப்பர் கால் வழுக்கியது. பிலோமினாள் முன்பக்கமாகக் குழாய்த் திருகை நோக்கிச் சரிந்தாள். முத்துப்பேச்சி சொம்பைப் போட்டுவிட்டு இடது மேல்கையை ஒரே பிடியாகப் பிடித்தாள், பிடித்தவள் தானும் மண்டியிட்டு விழுந்தாள், பிடியை மட்டும் விடவில்லை. துண்டோடு வாசலில் நின்ற ஜெசிந்தா ஓடிவந்து இன்னொரு பக்கம் தாங்கினாள். திருகுக்கும் பிலோமினாளின் கண்ணுக்கும் நடுவில் ஒரு விரல்கடைதான் இருந்தது. முத்துப்பேச்சியின் முழங்காலிலிருந்து ரத்தம் தண்ணீரோடு போயிற்று. பிலோமினாளை உலர்த்திக் கிடத்தியபோது மேல்கையில் நாலரை விரல், தார்போல, கன்றிப்போய்ப் பதிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுலிங்கம் அதன்மேல் கண்ணாடியை வைத்தார், எடுக்கவே இல்லை.

"இது யார் கைன்னு நான் சொல்ல வேண்டாம்," என்றார்.

"முக்காலி வழுக்கிருச்சு சார். புடிச்சேன்," என்றாள் முத்துப்பேச்சி.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பாத்தவங்க இருக்காங்களா?"

முத்துப்பேச்சி ஜெசிந்தாவைப் பார்த்தாள். சங்கத்துக்காரர்கள் நாலு பேரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். கட்டிலில் பிலோமினாள் இடது விரலால் சட்டத்தைத் தட்டினாள், இரண்டு தட்டு, மறுபடி இரண்டு தட்டு. ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பார்த்தேன் என்று சொன்னால் எப்போது, எங்கே நின்று, எந்தப் பக்கம் தாங்கினாய் என்று கேட்பார், ரவிக்கைக் கையைச் சுருட்டிப் பார்ப்பார், இடது பக்கம் பார்த்த கண்ணாடி வலது பக்கமும் போகும்.

"நான் அடுக்களையில இருந்தேன்," என்றாள் ஜெசிந்தா.

முத்துப்பேச்சி ஜெசிந்தாவிடமிருந்து கண்ணை எடுத்தாள். பிலோமினாளின் பக்கத்தில் போய், "அம்மா, போயிட்டு வாரேன். மூணு மணிக்கு இடப்பக்கம் புரட்டச் சொல்லுங்க," என்றாள், யாரிடம் எப்படிச் சொல்லுவாள் என்று யோசிக்காமல் பழக்கத்தில் சொல்லிவிட்டு, தன் பையை எடுத்துக்கொண்டு போனாள். ஏஜென்சி அவளை வேலையைவிட்டு நீக்கிவிட்டது. காலனியில் வேறு வீட்டிலும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

புதிதாக வந்த பெண் தொடாமல் பார்த்துக்கொள்வதில் பயிற்சி பெற்றவள். விரிப்பைத்தான் பிடிப்பாள். தட்டையாகப் படுத்தபடியே நீளக் கரண்டியால் ஊட்டினாள், ஊட்டியதில் பாதி நெஞ்சுக்குள் போயிற்று, பிலோமினாள் இருமினாள். இருமும்போது முதுகைத் தடவ யாருமில்லை. ஜெசிந்தா அறைக்குள் போவதையே குறைத்துக்கொண்டாள். பிலோமினாளின் கண் அவளை வாசலிலிருந்து கட்டில்வரைக்கும் கட்டிலிலிருந்து வாசல்வரைக்கும் பின்தொடர்ந்தது. மார்கழி பிறந்தபோது, நாலரை விரல் கைகள் நிறைந்த முதுகின் கீழ்ப்பகுதியில் தோல் முதலில் சிவந்தது, பிறகு உரிந்தது, பிறகு குழிந்தது. ஞாயிறு பார்க்க வந்தவர்கள் புதுக் கை எதுவும் இல்லை என்று திருப்திப்பட்டுப் போனார்கள். புண்ணில் கை தெரியாது.

ஒரு திங்கட்கிழமை மாலை அருள்தாஸ் வழக்கம்போல நிலைக்கு இந்தப் பக்கம் நின்று, "அக்கா சாப்பிட்டாளா?" என்று கேட்டான். ஜெசிந்தா உள்ளே இருந்தாள்.

"உள்ள வாங்க," என்றாள்.

"நான் இன்னும் சட்ட மாத்தல."

"உள்ள வாங்கன்னு சொல்லுதேன்."

அவன் வந்தான். வாடை முகத்தில் அடித்தது. ஜெசிந்தா மைனியின் வலது ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, தோளைக் காட்டி, தன் மோதிரக் கையை அதன் பக்கத்தில் வைத்தாள். சரியாக இருந்தது.

"இது நான். மே மாசம். கஞ்சியத் தட்டிவிட்டாவன்னு அடிச்சேன்." அவள் அழவில்லை, வீட்டுச் சாமான் பட்டியல் சொல்வதுபோலச் சொன்னாள். "அந்தப் பேச்சி புடிக்கலன்னா மைனிக்குக் கண்ணு போயிருக்கும். நான் பாத்தேன். பாத்துக்கிட்டே இல்லன்னுட்டேன்."

அருள்தாஸ் நின்றான். அவளைத் திட்ட வேண்டும் என்று வாயெடுத்தவன், அக்காவின் தோளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், போர்வையை விலக்கி காலைப் பார்த்தான், நெற்றியைப் பார்த்தான். மனைவியின் கை இருந்தது, முகம் தெரியாத பெண்களின் கைகள் இருந்தன, டாக்டரின் கட்டைவிரல்கூட இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே போனான். கடைசியில் ஜெசிந்தா, "தேடாதீங்க," என்றாள். "உங்க கை ஒண்ணுகூட இல்ல. நானும் முதல் நாளே தேடிட்டேன்."

மறுநாள் காலை ஜெசிந்தா தானே பொன்னுலிங்கம் வீட்டுக்குப் போய், தோளில் இருக்கிற கையையும் தான் சொன்ன பொய்யையும் சொன்னாள். அவர் நோட்டை விரித்து எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து காலனிப் பெண்கள் அவளோடு பேச்சை நிறுத்தினார்கள், கோயிலில் அவள் இருக்கிற பெஞ்சில் இடம் இருந்தும் யாரும் உட்காரவில்லை. அதே காலையில் அருள்தாஸ் விளாத்திகுளத்துக்குப் பஸ் ஏறினான்.

முத்துப்பேச்சி வேலிக்கருவை வெட்டி அடுக்கிய கரிமூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாள், முழங்கைவரை கரி. அவன் நடந்ததைச் சொன்னான், புண்ணைச் சொன்னான், மன்னிப்புக் கேட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டாள்.

"எவ்வளவு பெருசு?"

அவன் முஷ்டியை மடக்கிக் காட்டினான்.

"வாரேன் அண்ணாச்சி. ஆனா ஒத்தையாப் புரட்டி அந்தப் புண்ணக் கழுவ முடியாது. ஜெசிந்தாக்கா ஒருபக்கம் புடிப்பாவ. நீங்க ஒருபக்கம் புடிக்கணும்."

"எனக்குத் தெரியாதே."

"யாருக்குந்தான் தெரியும்," என்றாள் அவள்.

அவள் வந்தாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினாள், கையைத் தேய்த்துக் கழுவினாள், அவனையும் கழுவச் சொன்னாள். "அம்மா, இப்பம் தம்பி தோளப் புடிக்காவ," என்றாள். அருள்தாஸ் கையை நீட்டி அக்காவின் தோளில் வைத்தான். நாற்பது வருஷத்துக்கு மேலாக அவன் அவளைத் தொட்டிருக்கவில்லை. தோள் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. பயத்தில் அதிகமாக அழுத்திவிட்டான், எடுத்தபோது கறுப்பாகவே பதிந்திருந்தது. அவன் அதைப் பார்த்து விசும்பினான். பிலோமினாள் இடது கையைத் தூக்கி, கட்டில் சட்டத்தை விட்டுவிட்டு, அவன் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அதற்குப் பிறகு நாற்பத்து மூன்று நாள். அருள்தாஸ் ஆபீஸுக்கு லீவு போட்டான். காலையும் மாலையும் புரட்டினான், ஊட்டினான், நகம் வெட்டினான், ஒரு தடவை சதையோடு வெட்டிவிட்டான். ஜெசிந்தா புண்ணுக்குத் துணி மாற்றினாள், பிலோமினாளின் கண் அவளைப் பின்தொடர்ந்தது, அதில் என்ன இருந்தது என்று கடைசிவரை அவளுக்குத் தெரியவில்லை, ஆனாலும் மாற்றினாள். புண் ஓரத்திலிருந்து சதை வைத்து மூடிக்கொண்டு வந்தது. ஆனால் படுத்தபடி ஊட்டியதில் நெஞ்சில் சேர்ந்த சளி போகவில்லை. மாசி பிறந்த ஒன்பதாம் நாள், முற்பகலில், முத்துப்பேச்சி தலையைத் தாங்கியிருக்க, தம்பி நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்க, பிலோமினாள் மூச்சை விட்டாள். அவன் அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தான்.

குளிப்பாட்ட வந்த காலனிப் பெண்கள், வழக்கமாகிவிட்டபடி, முழுக்கை ரவிக்கையும் வெள்ளைக் கையுறையும் காலுறையும் கொண்டுவந்தார்கள். அருள்தாஸ் வேண்டாம் என்றான். முழங்கையும் கழுத்தும் பாதமும் திறந்தபடி, ஊதாவும் கறுப்புமாகக் கைகள் மண்டிய உடம்பைப் பெட்டியில் வைத்து முற்றத்தில் வைத்தார்கள். வந்தவர்கள் மாலையைப் போட்டுவிட்டு எட்டிப்போய் வேப்பமரத்தடியில் நின்றார்கள். எவ்வளவு சுத்தம் என்று சொல்ல முடியாதபோது வேறு என்ன சொல்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பெட்டியைத் தூக்க ஆள் குறைந்தது, ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து தோள் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை முத்துப்பேச்சி ஊருக்குக் கிளம்பினாள். ஆறாங்கேட் மூடியிருந்தது, உப்பு ஏற்றிய கூட்ஸ் வண்டி மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பொன்னுலிங்கம். குடை இல்லாமல், வெயிலில், மூச்சு வாங்க நின்றார். இந்த மூன்று நாலு மாதத்தில் ஆள் ஒடுங்கிப்போயிருந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் அதைக் கேட்கவில்லை.

"காலையில எந்திரிக்கும்போது இந்தக் கால் மரத்துப்போவுது," என்றார். "ஒரு வாரமா."

"டாக்டர்கிட்டக் காமிச்சியளா?"

"காமிச்சேன்." கூட்ஸ் வண்டியைப் பார்த்தார். பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. "எம் பையன் கனடாவுல இருக்கான். இங்க யாரும் இல்ல." வண்டியின் கடைசிப் பெட்டி தெரிந்தபோது அவசரமாகக் கேட்டார்: "நான் படுத்துட்டா நீ வருவியா?"

முத்துப்பேச்சி பையைத் தோளில் மாற்றிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள், புரட்ட எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று பார்ப்பவளைப் போல.

"வாரேன் சார்," என்றாள். "ஆனா இப்பமே சொல்லிருதேன். கை அழுந்தும்."